சிட்டுவுக்கு மாற்றுத் திரை

துப்பட்டா முனையில் முடிந்து கொண்டுவந்ததை அவிழ்த்து, கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தாள் இசக்கியம்மாள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பாட்டுப் பெட்டி. மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, காதில் செருகிக்கொள்ள இரண்டு குமிழ்கள். திரை நடுவில் அடிபட்டு, நாலா பக்கமும் கீறல் ஓடியிருந்தது.

“பாட்டு வருதுக்கா. எழுத்துதான் தெரிய மாட்டேங்கு. மெஷின் முனையில இடிச்சிட்டேன்” என்றாள்.

திருப்பூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது ஷகிலா பானுவின் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டலை விட்டு ஊருக்குள் வரும் ஒரே நாள். ஷகிலா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ‘சிட்டு’. இப்போது பெரிய கம்பெனிகளில் தைக்கிற பெண்கள் எல்லோர் கையிலும் இதுதான். இதற்குள் யாரும் பாடிவைத்த பாட்டு கிடையாது. போட்டுக்கொள்பவருக்கு எந்தக் குரல் பிடிக்கும், எந்த மெட்டு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தந்த நிமிடத்துக்கு அதுவே பாட்டைக் கட்டிப் பாடும். திரையில் பாட்டின் முதல் அடி ஓடும்.

“கம்பெனியில குடுத்தா வேற பெட்டி தருவாங்களே கண்ணு?”

“தருவாவ. அதான் வேண்டாங்கேன். புதுப் பெட்டி என்னைப் படிச்சு முடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் சம்பந்தா சம்பந்தமில்லாம பாடும், கை ஓடாது. எங்க தையல் லைன்ல ஒருத்தி அப்பிடித்தான் டார்கெட் முடிக்க முடியாம அழுதுக்கிட்டே கெடந்தா. இது நாலு வருசமா என்கூட இருக்கு. எனக்கு என்ன வேணும்னு எங்கம்மைக்குத் தெரியாதுக்கா, இதுக்குத் தெரியும்.”

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள் இசக்கி. இருபத்தைந்து வயது இருக்கும். ஓவர்லாக் மெஷினில் டெய்லர். பேசும்போதே கடையில் தொங்கும் செல்போன் உறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நேராக்கிக்கொண்டிருந்தாள். சும்மா நிற்கத் தெரியாத பெண் என்று ஷகிலா நினைத்துக்கொண்டாள்.

சிட்டுவுக்கான டிஸ்ப்ளே வெளியில் விற்பனைக்குக் கிடையாது. கம்பெனிகளுக்கு மட்டும்தான் வரும். ஆனாலும் எடைக்கு வாங்கிப்போட்ட பழைய சாமான் சாக்கு ஒன்று ஷகிலாவிடம் இருந்தது. அதைக் கவிழ்த்துத் துழாவியதில் ஒரு டிஸ்ப்ளே கிடைத்தது. கொஞ்சம் அகலம் அதிகம். ஆனால் பின்னால் இருந்த தட்டை ஒயரின் முனை அதே முனை.

“இது சூப்பர்வைசர் கையில கட்டியிருக்கதுல்லா?” என்றாள் இசக்கி. “அவங்களுக்கு மட்டும் பெருசா இருக்கும்.”

“பெருசா இருந்தா நல்லதுதானே. எழுத்து நல்லாத் தெரியும்” என்றாள் ஷகிலா.

சூடு காட்டிப் பசையை இளக்கினாள். உடைந்த சில்லுகளை ட்வீசரால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். பழைய ஒயரைக் கழற்றிப் புதியதை அழுத்தியதும் ‘டிக்’கென்று உட்கார்ந்தது. மூடி மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு பக்கமும் டேப் ஒட்டிச் சமாளித்தாள்.

திரை ஒளிர்ந்தது. பாட்டின் அடி வரவில்லை. மூன்று வரிகள் வந்தன.

துடிப்பு. கை. மீதம்.

முதல் இரண்டுக்கும் எதிரே கோடு மட்டும் இருந்தது. மூன்றாவதற்கு எதிரே பதினொன்று. அடியில் கூட்டல், கழித்தல் குறிகள் போட்ட இரண்டு பொத்தான்கள்.

“இது என்னதுக்கா?”

“தெரியல. போட்டுப் பாரு, பாட்டு வந்தா போதும்.”

இசக்கி பட்டையைக் கட்டிக்கொண்டு குமிழ்களைக் காதில் செருகினாள். முகம் மலர்ந்தது. “வருதுக்கா!” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். துடிப்புக்கு எதிரே எண்பத்து நான்கு என்று விழுந்தது. கைக்கு எதிரே பூஜ்யம். தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்க, அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டல் பொத்தானை அமுக்கினாள் ஷகிலா. மூன்று நான்கு தடவை அமுக்கியிருப்பாள்.

“பாட்டு ஏதாவது மாறுச்சா?”

“இல்லையே. அதே பாட்டுதான். நல்லாருக்கு.” ஸ்டூலில் உட்கார்ந்து ஹாஸ்டல் கதையைத் தொடங்கினாள் இசக்கி. தண்ணீரில் பருப்பைக் காட்டி எடுத்த சாம்பார், விடுமுறை கேட்டால் முறைக்கும் வார்டன். ஷகிலா சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்து வைத்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இசக்கியின் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. பெடல் இருக்கும் இடத்தில். கைகள் கண்ணாடி மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தன. இடது கை, அங்கே இல்லாத துணி ஒன்றை எடுத்து வைத்தது. வலது கை அதைத் தள்ளி, வளைவில் திருப்பி, முனையில் சுண்டி அறுத்து ஒதுக்கியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. துடிப்பு நூற்றைத் தாண்டியிருந்தது. கைக்கு எதிரே எண் ஏறிக்கொண்டே போனது. அவள் வாய் மட்டும் ஒரு பதற்றமும் இல்லாமல் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

“இசக்கி.”

“சொல்லுங்கக்கா.”

“உன் கையைப் பாரு.”

இசக்கி குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகும் கைகள் இரண்டு துணி தைத்துவிட்டுத்தான் தயங்கின. “அய்யோ” என்று ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. காதிலிருந்து குமிழ்களைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு கையால் மற்றொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோல வெறித்துப் பார்த்தாள்.

“நான் செய்யலக்கா. சத்தியமா நான் செய்யல.”

ஷகிலா குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பட்டையையும் கழற்றி மேசைமேல் போட்டு, முகம் கழுவி வருகிறேன் என்று இசக்கி கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் நிஜாமுதீன் வந்தான். ஷகிலாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பது அவன் வழக்கம். இசக்கி வேலை செய்யும் அதே கம்பெனியில் சிட்டுவைக் கவனிக்கும் ஒலிப் பிரிவில் இன்ஜினியர்.

தூக்குப் பாத்திரத்தை வைத்தவன் மேசைமேல் கிடந்த பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறினான்.

“இதெப்படிக்கா உன்கிட்ட வந்துச்சு? யாரு இந்த டிஸ்ப்ளேவை மாட்டுனது?”

“நான்தான். சைஸ் ஒத்துப் போச்சு.”

“மாட்டக்கூடாதுக்கா. லைன்காரங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் உள்ள இருக்கற போர்டு ஒண்ணுதான். எந்த டிஸ்ப்ளே மாட்டியிருக்குன்னு பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி காட்டும். இதெல்லாம் அவங்க பாக்கக்கூடாதது.”

“எதெல்லாம்?”

நிஜாம் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “காதுல இருக்கறது பாட்டு மட்டும் குடுக்கறதில்ல. நாடியையும் கேக்குது. பாட்டோட தாளத்தை நாடியை விடத் துளியூண்டு கூட வெச்சா, நாடி தாளத்தைப் புடிக்க வரும். வந்ததும் இன்னும் துளியூண்டு கூட்டுவோம். கையும் பின்னாலயே வரும். கேக்கறவங்களுக்குப் பாட்டு மாறுன மாதிரியே தெரியாது.”

“நீங்களே கூட்டுவீங்களா?”

“சிஸ்டம் கூட்டும். அவசர ஆர்டர்னா சூப்பர்வைசர் கூட்டுவாங்க.” அக்காவின் முகத்தைப் பார்த்து, அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “யாரையும் அடிக்கறதில்லக்கா, திட்டறதில்ல. முன்னாடியெல்லாம் லைன்ல எப்படிக் கத்துவாங்கன்னு உனக்கே தெரியும். நம்ம அம்மா வேலை முடிஞ்சு அழுதுட்டு வருவாங்கல்ல? இப்ப ஒரு சத்தம் உண்டா?”

“சத்தம் காதுக்குள்ள போயிருச்சு, அவ்வளவுதானே?”

அவன் பெட்டியைக் கையில் எடுத்துத் திரையைப் பார்த்தான்.

“மீதம்னு போட்டிருக்கே, அது என்னடா?”

“அது… கையில எவ்வளவு நடுக்கம் இருக்கு, தையல் எவ்வளவு விலகுது, தூங்கி எந்திரிச்சப்புறம் எவ்வளவு தேறுது, எல்லாத்தையும் வெச்சுச் சொல்லும். இந்தக் கை இன்னும் எத்தனை மாசத்துக்கு லைன்ல தாங்கும்னு. ஆறுக்குக் கீழ வந்துட்டா அவங்களை நிறுத்திருவாங்க. கம்பெனிக்குள்ள இருக்கும்போதே கை போச்சுன்னா கேஸாயிரும் பாரு.” பிறகு, பேச்சை முடிக்கும் தோரணையில் கேட்டான். “இது யாருது? பதினொண்ணுதான் இருக்கு. அடுத்த வருசம் இந்நேரம் லைன்ல இருக்க மாட்டாங்க.”

“என்னுது சார்” என்றாள் இசக்கி.

பின்வாசலில் நின்றிருந்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. நிஜாம் பெட்டியைக் கீழே வைத்தான். வைக்கும்போது அது கையிலிருந்து நழுவி மேசையில் மோதியது.

“மாசமா சார்? பதினோரு மாசமா?”

“அது ஒரு உத்தேசம்தாம்மா. தப்பாக்கூட…”

“எங்க லைன்ல சுடலைவடிவுன்னு ஒருத்தி இருந்தா. ஆடி மாசம் நிறுத்திட்டாவ. நல்லாத் தைப்பா, என்னத்துக்கு நிறுத்தினாவன்னு யாருக்கும் வெளங்கல. இப்போ ஊர்ல இருக்கா. டீ கிளாஸைப் பிடிக்க முடியலன்னு போன்ல சொல்லுதா. சத்துக் குறைவுன்னு நினைச்சு அவ அம்மை முருங்கைக்கீரையாப் போட்டுக்கிட்டு இருக்காவ.” அவள் குரல் உயரவேயில்லை. “அவளுக்கு எத்தனைன்னு காட்டிச்சு சார்?”

நிஜாமுதீன் தரையைப் பார்த்தான். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது என்பதை ஷகிலா அப்போது புரிந்துகொண்டாள். அவள் வளர்த்த தம்பி. கல்லூரிக்குப் போகும் காலத்தில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த கை அவளுடையது. மேசையின் அந்தப் பக்கம் நிற்பவன் வேறு யாரோ என்று தோன்றியது.

சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

போகும்போது இசக்கி சொன்னாள். “நான் இதைக் கொண்டுபோய் ஆய்வு அதிகாரிட்ட காட்டப் போறேன். டிஸ்ப்ளே மாட்டினது யாரு, சொல்லித் தந்தது யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீய சார்.”

நிஜாம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான். அவன் தன் வேலையை நினைத்துப் பயப்படுகிறான் என்றே ஷகிலா எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலை ஆய்வு அதிகாரி ஜெபமணி கண்டிப்பானவர். அன்று மாலையே தன் வீட்டுக்கு வந்த இசக்கி சொன்னதை முழுவதும் கேட்டார். அங்கேயே பெட்டியைத் தன் காதில் மாட்டிப் பார்த்து, துடிப்பு வரி ஏறுவதைக் கண்டு சட்டென்று கழற்றினார். மறுநாள் காலை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு ஆட்களோடு கம்பெனிக்கு வந்துவிட்டார்.

மேலாளர் எதிர்க்கவில்லை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார், இளநீர் வரவழைத்தார். தொழிலாளியின் அனுமதி இல்லாமல் உடம்பை அளக்கும் கருவி எதையும் மாட்டக்கூடாது என்று ஜெபமணி சட்டத்தைச் சொன்னதும், “எங்களுக்கு வித்தவங்க அப்படி ஒண்ணும் சொல்லலீங்க மேடம். தப்புன்னா தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார்.

இசக்கியின் பெட்டியை மட்டும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இது எங்க பெட்டி இல்லீங்களே. வெளியாள் யாரோ பிரிச்சு வேற டிஸ்ப்ளே மாட்டியிருக்காங்க. இதுல தெரியற நம்பருக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?”

சூப்பர்வைசர்களின் கையைப் பார்த்தார் ஜெபமணி. எல்லோர் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது. பட்டை கட்டிய இடத்தில் தோல் வெளுத்திருந்ததுதான் மிச்சம்.

“பிரிச்சு மாத்துன கருவியைச் சாட்சியா வைக்க முடியாதும்மா” என்று பெட்டியை இசக்கியிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் முகம் சுண்டிவிட்டது. “ஆனா மத்ததையெல்லாம் எடுத்துட்டுப் போறேன். அதுவாவது நடக்கும்.”

அட்டைப் பெட்டிகள் லைன் லைனாக வந்தன. பெண்கள் சிட்டுவைக் கழற்றிப் போட்டார்கள். ஒருத்தி அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திவிட்டுப் போட்டாள். இன்னொருத்தி இசக்கியைப் பார்த்து, “உனக்கு என்னடி பண்ணோம் நாங்க?” என்று கேட்டாள். பதினோரு மாதக் கதையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. காட்டுவதற்குத் தன் பெட்டியை எடுத்தாள். அது மாற்றின பெட்டி என்று மேலாளர் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

குமிழ்கள் காதை விட்டுப் போனதும் மெஷின்களின் இரைச்சல் முதல் தடவையாக அவர்கள்மேல் விழுந்தது. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு மணி அடித்தது. வேலை தொடங்கியது.

இனி கை மெதுவாகும் என்று இசக்கி நினைத்தாள். மெதுவாகட்டும், டார்கெட் போகட்டும், திட்டட்டும் என்று தயாராகவே இருந்தாள். துணியை எடுத்தாள். தள்ளினாள், திருப்பினாள், சுண்டி ஒதுக்கினாள். பக்கத்து மெஷினைப் பார்த்தாள். அதற்கு அடுத்ததைப் பார்த்தாள். லைன் முழுக்க அதே ஓட்டம். ஒருத்தியாவது தளரவில்லை. மாலையில் பீஸ்களை எண்ணி முடித்த சூப்பர்வைசர் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. 

ஹாஸ்டலில் சாதம் பிசையும்போது கை அந்த வேகத்தில் பிசைந்தது. கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் கம்பியைத் தள்ளிக்கொண்டே வந்தன. அறையில் தூங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். போர்வைக்கு அடியில் ஆறு பேருடைய கைகளும் அசைந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே தாளத்தில்.

அடுத்த ஞாயிறு அவள் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது, ஷகிலா உடனே தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வந்து சேரும்வரை இசக்கி ஸ்டூலில் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“பெட்டியெல்லாம் போயும் வேகம் குறையலையாம்டா” என்றாள் ஷகிலா.

நிஜாம் வாசற்படியிலேயே நின்றான். “குறையாதுக்கா.”

“என்னது?”

“போன வருசம் ஒரு லைன்ல பாட்டை நிறுத்திட்டு வெறும் மழைச் சத்தத்தை மட்டும் போட்டுப் பாத்தோம். ஒரு பீஸ் குறையல. ரொம்ப நாள் போட்டவங்களுக்குப் பெட்டி தேவைப்படாது. தாளம் கைக்குள்ளயே போய் உக்காந்துருது.”

“அப்புறம் எதுக்குடா கட்டி விட்டிருந்தீங்க?”

“கழட்டணும்னுதான் பேசிட்டிருந்தாங்க. பராமரிக்கற செலவு ஜாஸ்தி. ஆனா நாங்களா கழட்டுனா, ஏன் கழட்டறீங்க, இத்தனை நாள் எதுக்குக் கட்டுனீங்கன்னு கேள்வி வரும். மீதம்னு ஒண்ணு இருக்கறதும் வெளிய வந்துரும்.” அவன் குரல் உடைந்தது. “இப்ப அதிகாரிங்களே வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க கம்பெனி, சட்டம் சொன்னபடி கேட்ட கம்பெனி ஆயிருச்சு. இனி யாருக்கு எத்தனை மாசம்னு யாரும் கேக்க முடியாது. அன்னைக்குச் சாயந்திரம் எங்க பிரிவுல எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தாங்கக்கா.”

ஷகிலா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள். “அன்னைக்கு இந்தப் பொண்ணு போறேன்னு சொன்னப்பவே உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“வாயைத் திறந்தியா நீ?”

“சொல்ல வந்தேன்… வாய் வரலக்கா. மைசூர்பாகைத் தின்னியான்னும் என்னைக் கேளு. அதையும் தின்னேன்.”

அவள் கை தானாகத் தளர்ந்தது. அவனை அடித்திருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும். தெருவில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் செல்போனுக்கு உறை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த மூன்று முகங்களையும் கண்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

இசக்கிதான் பேசினாள். “கூட்டுத பொத்தான் பக்கத்துலயே குறைக்க ஒரு பொத்தான் இருக்குல்லா சார்?”

“இருக்கு.”

“அதை அமுக்கினா என்ன ஆவும்?”

நிஜாம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். “தெரியாதும்மா. யாரும் அமுக்கிப் பாத்ததில்ல.”

அவள் துப்பட்டா முனையை அவிழ்த்தாள். கம்பெனி தன்னுடையது இல்லை என்று சொன்ன பெட்டி, அங்கே தைப்பவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே சிட்டு, ஷகிலா ஒட்டிய டேப்புடன் அப்படியே இருந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டாள். குமிழ்களைக் காதில் செருகினாள். 

“ஒரேயடியா இறக்கிறாதே” என்றான் நிஜாம் அக்காவிடம். “எப்படி ஏத்துனோமோ அப்படித்தான் இறக்கணும். நாடி பின்னால வந்துருச்சான்னு பாத்துட்டு அடுத்ததை அமுக்கு.”

ஷகிலா ஷட்டரைப் பாதி இறக்கினாள். இசக்கியின் மணிக்கட்டைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு கழித்தல் பொத்தானை ஒரு தடவை அமுக்கினாள். திரையில் துடிப்பின் எண் அசையவில்லை. காத்திருந்தாள். ஒன்று குறைந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி காத்திருந்தாள். இசக்கியின் மறு கை தன் தொடைமேல் தைத்துக்கொண்டே இருந்தது. எடுத்து, தள்ளி, திருப்பி, சுண்டி. கண்ணை மூடிக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாள். அது என்ன பாட்டு என்று மற்ற இருவருக்கும் கேட்கவில்லை.

நேரம் போனது. ஷகிலாவின் கால் மரத்துப்போனது. மாற்றி உட்காரப் பயமாக இருந்தது. இசக்கியின் கையில் ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. பிறகு அது பெரிதானது. துணியை எடுக்கப் போன விரல்கள் பாதியில் நின்று, ஏன் போனோம் என்று மறந்ததுபோல் திரும்பி வந்தன. சுண்டுவது நின்றது. திருப்புவது நின்றது. கடைசியில் பெருவிரல் மட்டும் சும்மா துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஓய்ந்தது.

கைக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது.

“நின்னுருச்சு” என்று கிசுகிசுத்தான் நிஜாம். “அக்கா, நின்னுருச்சு!”

இசக்கி கண்ணைத் திறந்தாள். சிரிக்கப் போகிறாள் என்றுதான் ஷகிலா நினைத்தாள். ஆனால் அவள் வாய் கோணியது. தோள்கள் மேலே ஏறின. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பி, நீண்டுகொண்டே போனது. மேசைமேல் கவிழ்ந்தாள்.

“என்ன கண்ணு? என்னம்மா ஆச்சு?”

“வலிக்குதுக்கா.” அந்தக் குரலில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. “கை வலிக்கு. தோளு, கழுத்து, நடு முதுகு… எல்லாம் வலிக்குக்கா. என்னதுக்கா இது, எங்கேருந்து வருது? எனக்கு இதுவரைக்கும் வலிச்சதே இல்லையே!”

நிஜாமுதீன் வெளுத்துப்போய் நின்றான். “அந்த வேகம்தான் வலியையும் அமுக்கி வெச்சிருந்திருக்கு” என்றான் மெதுவாக. “இது எங்களுக்கே தெரியாதுக்கா. நாங்க அளக்கவே இல்ல.”

நான்கு வருட வலி ஒரே நேரத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இசக்கியின் பற்கள் கிட்டிப்போயின. ஷகிலாவால் பார்க்க முடியவில்லை. அவள் விரல் தானாகவே கூட்டல் பொத்தானுக்குப் போனது. இரண்டு தடவை அமுக்கினால் போதும், இந்தப் பெண் மறுபடி சாம்பார் கதை பேசத் தொடங்கிவிடுவாள்.

“கூட்டட்டுமா கண்ணு? கொஞ்சமா?”

இசக்கி தலையைத் தூக்கினாள். கண்ணீரும் வேர்வையுமாக முகம் நனைந்திருந்தது. பொத்தான்மேல் இருந்த ஷகிலாவின் விரலைப் பிடித்து அப்பால் நகர்த்தினாள். ஒவ்வொரு குமிழாகக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“வேண்டாம்க்கா. எங்கெங்க வலிக்குன்னு முதல்ல பாத்துக்கிடுதேன்.”

வலது கையை மெல்லத் தூக்கி நிஜாமுதீனுக்கு முன்னால் நீட்டினாள்.

“இங்க பாருங்க சார்” என்றாள். இடது கை விரலால் வலது பெருவிரலின் அடியைத் தொட்டாள். “இந்த இடம்.” பிறகு மணிக்கட்டு. “இது.” பிறகு முழங்கை. ஒவ்வொரு இடத்தையும் தொட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, காட்டி அடுத்ததற்கு நகர்ந்தாள்.

நிஜாமுதீன் தலையைத் திருப்பவில்லை. அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் தொட்ட இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.